பொறுமை யாரிடம் கேட்கப்படுகிறது?

தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டுக் கலியாணங்களில் அடிக்கடி வாசிக்கப்படும் வேதபகுதி, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரம். அழைப்பிதழில் அதைப் பார்க்கிறோம். வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டும் மாட்டியிருக்கிறோம். மணமக்களை நிறுத்தி வைத்து வாசிப்பதாலேயே அது காதலைப் பற்றிய அதிகாரம் என்று பலர் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் கி.பி. 55 வாக்கில் எபேசுவிலிருந்து பவுல் அதை எழுதியபோது அவர் முன்னால் இருந்தது கலியாண வீடு அன்று, சண்டை ஓயாத ஒரு சபை.

அந்தச் சபையின் நிலையை நிருபமே ஒளிக்காமல் சொல்கிறது. குலோவேயாளின் வீட்டார் வந்து தெரிவித்தபடி, ஆளுக்கொரு தலைவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு சபை கட்சிகட்சியாகப் பிரிந்து கிடந்தது. 6ஆம் அதிகாரத்தில் விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுகிறார்கள். 11ஆம் அதிகாரத்தில், கர்த்தருடைய பந்திக்கென்று கூடிய இடத்தில் ஒருவன் பசியோடு இருக்கிறான், இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். ஓய்வும் வசதியும் உள்ளவர்கள் முன்னதாகவே வந்து தாங்கள் கொண்டுவந்ததைச் சாப்பிட்டு முடித்திருக்க, வேலை முடிந்து வந்த அடிமைகளும் கூலிக்காரர்களும் வெறும் பாத்திரத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இதற்குப் பவுல் சொன்ன பரிகாரம் மிக எளியது. சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொல்கிறார். இரண்டு அதிகாரம் தள்ளி அன்பின் குணங்களை வரிசையாகச் சொல்லும்போது முதலாவதாகப் பொறுமையை வைக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால், அந்தப் பொறுமை முதலில் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பது தெரிகிறது. உணவும் நேரமும் யார் கையில் இருந்ததோ அவர்களை நோக்கித்தான்.

அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ அன்பு என்றால் என்ன என்பது பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாக நிறையப் பேசியிருக்கிறார்கள், அதைவிட நிறையச் செய்து பார்த்திருக்கிறார்கள். அவற்றைத் திரும்பிப் பார்க்கும்போது எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் எனக்கு ஒரே கேள்வி தெரிகிறது: யார் பொறுக்க வேண்டும்? இதற்குச் சரியான விடை கிடைத்த இடங்களில் பொறுமை மனிதரை வளர்த்திருக்கிறது. விடை தவறிய இடங்களில் அதே பொறுமை எளியவரின் கழுத்தில் நுகத்தடியாக ஏறியிருக்கிறது.

வேதாகமத்தில் பொறுமை முதலில் கடவுளின் குணம். தண்டிக்க வல்லவர் கோபத்தில் தாமதிக்கிறார் என்பதுதான் யாத்திராகமம் முதல் பேதுருவின் நிருபங்கள் வரை ஓடும் செய்தி. வலிமை இல்லாதவன் சும்மா இருப்பதற்கு அங்கே பொறுமை என்று பெயர் இல்லை. வள்ளுவரும் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும்போது இதைத்தான் சொல்கிறார்: தன் சினம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குபவனே சினத்தைக் காத்தவன், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கடன்காரன் உவமை இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறது. ராஜாவிடம் அந்த ஊழியன் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6,000 வெள்ளிப் பணம். ஒரு வெள்ளிப் பணம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. பரம்பரை பரம்பரையாக உழைத்தாலும் தீராது. பொறுத்துக்கொள்ளும்படி அவன் கெஞ்சுகிறான், ராஜா முழுவதையும் விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப் பணம் தரவேண்டிய உடன்ஊழியனின் தொண்டையைப் பிடிக்கிறான். அவனும் அதே சொற்களில் கெஞ்சுகிறான், இவன் அவனைச் சிறையில் போடுகிறான். இந்த உவமையில் யார் பொறுக்கவேண்டியவர் என்பதில் சந்தேகமே இல்லை. தொண்டையைப் பிடிக்கும் நிலையில் இருப்பவர்தான். வீட்டில் பெற்றோர், அலுவலகத்தில் மேலாளர், வகுப்பில் ஆசிரியர், சபையில் போதகர், கடையில் முதலாளி என்று நம் ஒவ்வொருவர் கையிலும் யாரோ ஒருவருடைய தொண்டை இருக்கத்தான் செய்கிறது.

ஆதித் திருச்சபை இதை நன்றாக அறிந்திருந்தது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் கி.பி. 200 வாக்கில் பொறுமையைப் பற்றித் தனி நூலே எழுதினார். தன்னிடம் அந்தக் குணம் இல்லை என்று முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டு, நோயாளி ஆரோக்கியத்தைப் பற்றி ஏங்கிப் பேசுவதுபோல் தான் பேசுவதாகச் சொல்கிறார். அதே நகரின் ஆயர் சிப்பிரியானு 256இல் இதே பொருளில் எழுதினார். அவர் காலத்தில் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியது. அதற்குச் சற்று முன்புதான் பேரரசன் தேசியு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியிருந்தான். அந்த நிலையில், நம்மவர்களை மட்டும் கவனித்தால் அதில் பெருமை இல்லை, நம்மைத் துன்புறுத்தியவர்களையும் கவனியுங்கள் என்ற கருத்தில் அவர் சபையாருக்குப் போதித்ததாக அவருடைய வரலாற்றை எழுதிய பொந்தியு தெரிவிக்கிறார். வதைபட்டவர்கள் கையில் அப்போது ஒரு வலிமை இருந்தது: நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். அந்த இடத்தில் அவர்கள் காட்டிய அன்பு பெரிது.

ஆனால் கொள்ளைநோய் தினமும் வருவதில்லை. தினமும் வருவது பக்கத்தில் இருப்பவரின் சத்தம், மறதி, சோம்பல், சொன்னதையே திருப்பிச் சொல்லும் பழக்கம். இவற்றோடு மல்லுக்கட்டுவதில் துறவு மடங்கள்தாம் நமக்கு நெடுங்கால ஆசான்கள். ஒரே கூரைக்குக் கீழே, தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு சாகும்வரை வாழ்வது எளிதல்ல. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய சட்டநூலின் 73 அதிகாரங்களில் பல இத்தகைய உரசல்களைப் பற்றியவை. பண்டசாலைப் பொறுப்பாளரிடம் ஒருவர் நியாயமில்லாத எதையாவது கேட்டால் என்ன செய்வது? அவரை அவமதிக்காமல், காரணம் சொல்லித் தாழ்மையாக மறுக்க வேண்டும். கொடுக்கப் பொருள் இல்லாவிட்டால் ஒரு நல்ல சொல்லாவது கொடுக்க வேண்டும் என்கிறார். நம் ஊர் அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைச் சீட்டு வாங்கும் இடங்களிலும் கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான அறிவுரை யார் சொல்லிவிட முடியும்? மறுக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நோயாளிகளைப் பற்றிய அதிகாரத்தில் இரு பக்கமும் பார்க்கிறார். அளவுக்கு மீறிக் கேட்டுப் பணிவிடை செய்பவரை வருத்தக் கூடாது என்று நோயாளிக்குச் சொல்கிறார்; அப்படி வருத்தினாலும் பொறுத்துக்கொள் என்று மற்றவருக்குச் சொல்கிறார். காலையிலும் மாலையிலும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லாரும் கேட்கும்படி உரத்துச் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு விதி. கூடி வாழும் இடத்தில் மனக்கசப்பு முள்போல் முளைத்துக்கொண்டே இருக்கும், மன்னிப்பைப் பற்றிய அந்த வரியைத் தன் காதால் கேட்டு அவரவர் தம்மைச் சுத்திகரித்துக்கொள்ளட்டும் என்பது காரணம். ஒரு நாளைக்கு இரண்டு முறை மன்னிக்கத் தேவை ஏற்படும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து எழுதிய சட்டம் அது. மனித இயல்பைப் பற்றி இவ்வளவு நேர்மையான மதிப்பீட்டை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

இந்த மரபின் உச்சமாக நான் கருதுவது சிறுமலர் என்று நம் ஊரில் அழைக்கப்படும் குழந்தை தெரேசாளை. 1888இல் 15 வயதில் பிரான்சின் லிசியே நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1897இல் 24 வயதில் காசநோயால் இறந்தார். மடத்தைத் தாண்டிப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஆனாலும் 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அவர் எழுதிவைத்த தன்வரலாற்றின் கடைசிப் பகுதியில் வருபவை மிகச் சிறிய சங்கதிகள். ஜெப நேரத்தில் பின்னால் உட்கார்ந்த ஒரு சகோதரி ஓயாமல் ஏதோ ஒரு சத்தம் எழுப்புகிறார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் நின்றுவிடும். பார்ப்பதில்லை, வேர்த்து விறுவிறுத்தாலும் அந்தச் சத்தத்தையே ஒரு இசையாகக் கேட்க முயல்கிறார். துணி துவைக்கும்போது எதிரில் நிற்பவர் அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிடுகிறார். பின்வாங்கி முகத்தைத் துடைத்துக் காட்டலாம். அதையும் செய்வதில்லை. நடக்க முடியாத, சிடுசிடுப்பான ஒரு முதிய சகோதரியை மாலைதோறும் உணவறைக்குக் கூட்டிப்போகும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். வேகமாகப் போனால் விழத்தள்ளப் பார்க்கிறாய் என்பார், மெதுவாகப் போனால் கையை விட்டுவிட்டாய் என்பார். அந்த முதியவர் ரொட்டியை வெட்டச் சிரமப்படுவதைக் கண்டு, யாரும் சொல்லாமலே வெட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு புன்னகையோடு விடைபெறுகிறார்.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. அவருக்கு எதிலும் ஒத்துவராத ஒரு சகோதரி இருந்தார். அவருக்காக ஜெபித்தார், முடிந்த உதவியெல்லாம் செய்தார், கடுமையாகப் பதில் சொல்ல நா துடித்தபோது சிரித்துச் சமாளித்தார். அதுவும் முடியாமல் போன வேளைகளில் போர்க்களத்தை விட்டு ஓடும் வீரனைப்போல் அந்த இடத்தை விட்டே ஓடிப்போனதாக எழுதுகிறார். ஒரு புனிதை கையாண்ட உத்தி இது. கோபம் எல்லை மீறும்போது எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவது தோல்வி என்று நினைத்துக் குமையும் தாய்மார்களும் தகப்பன்மார்களும் இந்தப் பக்கத்தை வாசிக்க வேண்டும்.

பேச்சை அடக்குவதற்கு ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் ஒரு வழி வைத்திருந்தார். ஹிட்லருக்குப் பணிய மறுத்த திருச்சபைக்காக அன்றைய ஜெர்மனியின் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் 1935 முதல், காவல்துறை 1937இல் மூடும்வரை அவர் ஒரு குருமடத்தை நடத்தினார். அங்கே ஒரு விதி: உடன் இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக் கூடாது, தவறிப் பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதி 1939இல் வெளிவந்த நூலில், பிறருக்குச் செய்யும் ஊழியங்களில் நாவை அடக்குவதை முதலில் வைக்கிறார்; காது கொடுத்துக் கேட்பதும் அந்த வரிசையில் உண்டு. நம் சபைகளில் ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும் பத்து நிமிடத்துக்கு இந்த விதியைப் பொருத்திப் பார்த்தால் எத்தனை குடும்பங்கள் நிம்மதியாக இருக்கும்!

பொறுமையின் இன்னொரு எதிரி அவசரம். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வு 1973இல் வெளிவந்தது. பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொல்லி மாணவர்களை அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே நல்ல சமாரியன் உவமை. வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமினார். அவர் ஆய்வாளர்களின் ஏற்பாடு. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஏற்கெனவே தாமதம், ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோமா வேறு எதைப் பற்றியா என்பது சொல்லும்படியான வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. போதனையைவிடக் கடிகாரம் வலிது என்பது கசப்பான உண்மை. அன்பாயிருக்க விரும்புகிறவர் காலையில் கால் மணி நேரம் முன்னதாக எழுந்தால் அதுவே ஒரு பக்திமுயற்சி.

இதுவரை சொன்னவை பொறுமையின் பிரகாசமான பக்கம். மறுபக்கம் நம் மண்ணிலேயே இருக்கிறது. தரங்கம்பாடி மிஷனெரிகளும் தஞ்சாவூர் சுவார்ட்சு ஐயரும் சபைக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தைச் சகித்துக்கொண்டார்கள். மெல்ல மெல்ல மாறும் என்று நம்பினார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாடு சபையில் உடனே ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளத்தில் இரு சாதியார் ஒருவரை ஒருவர் பாராமல் வழிபட ஆலயத்தையே இரு கையாகக் கட்டினார்கள். நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. பிரிவினை வேண்டும் என்று கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

சுவார்ட்சு ஐயரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் பொறுத்தது யாரை, அதற்கு விலை கொடுத்தது யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பிரித்து உட்கார்ந்தவர்களிடம் காட்டிய நீடிய பொறுமைக்கு, பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக விலை கொடுத்தார்கள். 1963இல் அலபாமா மாநிலத்து வெள்ளை மதகுருக்கள் எட்டுப் பேர் கறுப்பின மக்களைப் பொறுமையாக இருக்கச் சொன்னபோது, பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய மறுமொழி இதே கேள்வியைத்தான் எழுப்பியது. இன்னொருவருடைய பொறுமையை நான் கொடையாக வழங்க முடியாது.

வீட்டுக்குள் இதே தவறு சட்டமாகவே இருந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, கணவன் மனைவியின் விபசாரத்தை நிரூபித்தால் போதும். மனைவிக்கோ அது மட்டும் போதாது. அதோடு கொடுமை, இரண்டு ஆண்டு கைவிட்டது போன்ற வேறொரு குற்றத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. அடியும் உதையும் மட்டும் காரணம் என்றால் பிரிந்து வாழலாமே தவிர, மணமுறிவு கிடைக்காது. இது திருத்தப்பட்டது 2001இல். 130 ஆண்டுகளுக்கு மேல் அடிபட்ட கிறிஸ்தவப் பெண்ணைப் பார்த்துச் சட்டமும் பொறுத்துக்கொள் என்றுதான் சொன்னது. சட்டம் மாறிய பிறகும் பல வீடுகளிலும் சில போதகர்களின் வாயிலும் அந்தச் சொல் மாறவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ என்ற ஊக்கவுரையில் கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தைச் சொல் சொல்லாக விளக்கும்போது, பொறுமை என்பது ஓயாமல் வதைபடுவதும் அடியைத் தாங்குவதும் அன்று என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். வன்முறையிலிருந்து மனைவியையும் பிள்ளைகளையும் காக்கப் பிரிவு தேவைப்படும் சூழல் உண்டு, அது அறநெறிப்படி அவசியமாகவும் ஆகலாம் என்றும் அதே உரை கூறுகிறது. அடிவாங்கிய பெண் ஒருத்தி ஆலயத்துக்கு வரும்போது, பொறுமையைப் பற்றிய பிரசங்கம் அவளுடைய கணவனுக்கு உரியது. அவளுக்கு உரியது பாதுகாப்பான ஓர் இடம்.

எல்லாவற்றையும் பேசாமல் விழுங்குவது அன்பு என்ற எண்ணத்துக்கும் வேதத்தில் ஆதாரம் குறைவு. கடன்காரன் உவமை வரும் அதே 18ஆம் அதிகாரத்தில், மன்னிப்பைப் பற்றிப் பேசுமுன் இயேசு வேறொன்றைச் சொல்கிறார்: தவறு செய்தவனிடம் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, பிறகு சபைக்குத் தெரிவி. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஊருக்குத் தெரிகிறது, சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில்.

பேசியும் தீராத இடங்கள் உண்டு. பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில், மாற்கு என்ற இளைஞன் பம்பிலியாவில் அவர்களைப் பாதிவழியில் விட்டுப்போனான். அடுத்த பயணத்துக்கு அவனைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடும் வாக்குவாதம் மூண்டு இருவரும் பிரிந்தார்கள். அன்பைப் பற்றி அந்த அதிகாரத்தை எழுதிய கைதான் மாற்குவைத் தள்ளியது. பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். காலம் கழித்து, தன் ஊழியத்துக்குப் பயன்படுவான் என்று மாற்குவை அழைத்துவரச் சொல்லித் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுகிறார். நடுவில் பவுலின் மனம் எப்படி மாறியது என்பது பதிவாகவில்லை. பர்னபாவின் பொறுமை ஒரு மனிதனை மீட்டது என்பது மட்டும் விளங்குகிறது. பிரிந்து போனதே அந்த மீட்புக்கு இடம் கொடுத்தது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

தன்னிடமே பொறுமை காட்டுவதைப் பற்றி ஒரு சொல். இல்லறத்தார்க்காக 1609இல் புனித பிரான்சிஸ்கு சலேசியார் எழுதிய பக்தி நூலில், கோபப்பட்டுவிட்டோமே என்று கோபப்படுவது மறுபடியும் கோபம்தான் என்று எச்சரிக்கிறார். விழுந்த மனதை இரக்கத்தோடு தூக்கிவிடச் சொல்கிறார். சின்ன அறிவுரை, ஆனால் தன்னை வெறுப்பவர்கள்தாம் பிள்ளைகள்மேல் பாய்கிறார்கள் என்பதைக் கண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இன்று நம் வீடுகளில் பொறுமைக்கு வந்திருக்கும் கடினமான சோதனை மறதிநோய் கண்ட முதியவர்கள். ஒரே கேள்வியை நாள் முழுவதும் கேட்கும் மாமியார், சாப்பிட்டதை மறந்து பட்டினி போடுவதாகக் குற்றம் சொல்லும் தகப்பன். பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். சபையிலிருந்து போகிறோம், ஜெபிக்கிறோம், பழமோ ஹார்லிக்ஸோ வைத்துவிட்டு, அவளுடைய பொறுமையை மெச்சிவிட்டு வருகிறோம். அவளுக்குப் பாராட்டு போதாது, நேரம் வேண்டும். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லி கலாத்தியருக்குப் பவுல் எழுதியதைச் செய்ய நினைக்கும் சபை ஞாயிறு காலையில் இருவரை அந்த வீட்டுக்கு அனுப்பலாம். மூன்று மணி நேரம் அவர்கள் முதியவரோடு உட்கார்ந்து, அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கட்டும். மருமகள் ஆராதனைக்குப் போகலாம், விருப்பமானால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். ஐம்பது குடும்பம் உள்ள சபையில் முறைவைத்துச் செய்தால் ஒரு வீட்டாருக்கு ஆண்டில் இரண்டு, மூன்று முறைதான் இந்தப் பொறுப்பு வரும்.